கஞ்சிக் குண்டானில் பன் மாவு

1970 நவம்பர் 5, வியாழன்

விடாத மழை. தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. இரண்டு சொம்பு மொண்டு ஊற்றினால் மூன்று சொம்பு ஊறுகிறது. தறி சும்மா. அவரும் சும்மா. வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பது ஒரு வேலை என்றால் இந்தத் தெருவில் எல்லாரும் இன்று வேலைக்குப் போனவர்கள்தான்.

இன்றைய பன்: கல்.

மணல் கொட்டிய இரும்புச் சட்டி, அதற்குள் அலுமினியப் பாத்திரம், மேலே தட்டு, தட்டின்மேல் தணல். பத்திரிகையில் போட்டது போலவே எல்லாம் செய்தேன். மேலே கருகல், உள்ளே களி. சோடா உப்பு நாக்கில் சுருக்கென்றது. மாமியார் ஒரு விள்ளலை வாயில் போட்டு வெகுநேரம் யோசித்தார்.

"சரசு, இத்த வெச்சி மாங்கா அடிக்கலாம்மா."

நாத்தனார் வசந்தா (இனி வ. – மை மிச்சம்) விழுந்து விழுந்து சிரித்தாள். பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் அந்த ஆள் பஞ்சு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறானே, அவன் மட்டும் தேவலோகத்து மாவிலா செய்கிறான்? எனக்கு வேண்டியது ஒரே ஒரு மெத்தென்ற பன். காலைக் காப்பியோடு. என் கையால். இது பேராசையா?

மாலை பெட்டியைத் திறந்து அம்மாவின் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்தது. கட்டம் போட்ட பட்டு, பஃப் கை ரவிக்கை, விறைப்பான முகம். போட்டோவில் எல்லாம் கறுப்பு வெள்ளை. எனக்குத் தெரியும், சந்தன நிறத்தில் அரக்குக் கட்டம். அப்பா கையால் நெய்தது.

கரண்டு போய்விட்டது.

நவம்பர் 7, சனி

தூறல். டைலர் மாணிக்கத்திடம் போட்டோவை எடுத்துக்கொண்டு போனேன். இந்த மாதிரி கை வைத்து ஒரு ரவிக்கை தைக்க முடியுமா?

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, எங்க பாட்டி காலத்து கை. இப்ப அவன் அவன் கையே வேணாம்ன்றான். ஸ்லீவ்லெஸ்தான் ஓடுது."

"எனக்கு இதுதான் வேணும்."

"துணி வேஸ்டு. ஒரு கைக்கு போற துணியில ரெண்டு ரவிக்க வரும்."

துணி என்னுடையது, கை என்னுடையது, வேஸ்டு ஆவதில் இவருக்கு என்ன வந்தது? "துணி வரட்டும், அப்புறம் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். துணி எங்கே வருகிறது. அதுதானே பாடு.

வ. கூடவே வந்தாள். வழி முழுவதும் நைலக்ஸ் சேலைப் புராணம். ஊரே பட்டு நெய்கிறது, இவளுக்கு நைலக்ஸ். துவைத்தால் உடனே காயுமாம், மடிப்பே விழாதாம். "அண்ணி, எல்லாரும் முன்னாடி போறாங்க, நீங்க மட்டும் பின்னாடி போறீங்க" என்றாள். பின்னாடி போனால் மாட்டுவண்டி கூட மோதாது போடி என்றேன். சிரித்தாள். கெட்டவள் இல்லை. வாய்தான்.

நவம்பர் 9, திங்கள்

மழை விட்டிருந்தது. முசரவாக்கம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. வலது கண்ணிலும் ஆரம்பம். நான் நிலைப்படியில் நிற்கிறேன், "யாரு?" என்கிறாள். பிறகு முகத்துக்கு அருகில் வந்து, "நீயா" என்று ஒரு சிரிப்பு. அழுதுவிடாமல் இருக்க, ஏன் தலை வாரவில்லை என்று கத்தினேன்.

சாப்பாடு போட்டார்கள். அம்மாவுக்கு அந்த எவர்சில்வர் தட்டு. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எனக்குக் கல்யாணமாகி நான் இங்கே வந்த ஆறாவது மாசமே, கூடைக்காரன் வந்தானாம், பழைய பட்டுக்கு எவர்சில்வர் என்று கூவினானாம், அந்தக் கட்டம் போட்ட சேலை போய் இந்தத் தட்டு வந்ததாம். என் அண்ணன் பெண்டாட்டி, அண்ணியின் வேலை. சேலையை எரித்து ஜரிகையை உருக்கியிருப்பான். அம்மா தினமும் அந்தச் சேலையில்தான் சோறு தின்கிறாள் என்று சொன்னால் யாருக்காவது உறைக்குமா? அண்ணி பேசினாள், நான் ம் கொட்டினேன். இரண்டு வருஷமாக ம் மட்டும்தான் கொட்டுகிறேன்.

அம்மா கார்த்திகை மூன்றாம் சோமவாரத்துக்கு இங்கே வருகிறாள். கோயிலுக்கு. "அடுத்த வருசம் கண்ணு இருக்குதோ இல்லியோ, இப்பவே சாமிய பாத்துட்றேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள், புளி விலை சொல்வது போல.

திரும்பும் பஸ்ஸில் முடிவு செய்தேன். அம்மா வரும்போது நான் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு எதிரில் நிற்க வேண்டும். அதே கட்டம், அதே கரை, அதே கை. கண் இருக்கும்போதே ஒரு தடவை பார்க்கட்டும்.

நவம்பர் 10, செவ்வாய்

இதைப் படிப்பவர் யாரும் இல்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: நெசவுக்காரன் பெண்டாட்டிக்குப் பட்டுச் சேலை கிடையாது. என் கல்யாணத்துக்கு வந்த ஒன்றோடு சரி. தினம் வீட்டுக்குள் பட்டு, அடுப்பங்கரை வரை பட்டு நூல், சோற்றில் பட்டுப் பிசிறு. உடுத்துவது பருத்தி வாயில் சேலை. கேட்டால் சிரிக்கிறார்கள். தச்சன் வீட்டில் நாற்காலி இருக்கிறதா என்று மாமியார் கேட்கிறார். இருக்கிறதே, தச்சன் வீட்டில்? கோடி வீட்டுத் தச்சர் நாற்காலியில் உட்கார்ந்துதானே பேப்பர் படிக்கிறார்?

ஆனால் இந்த முறை அவரிடம் பட்டு இருக்கிறது. முதலாளி கழித்துப்போட்ட சந்தனமும் அரக்கும். கடைக்காரர்கள் எல்லாம் ராணிக் கலரும் கிளிப்பச்சையும் கேட்கிறார்களாம், இந்த நிறத்தைச் சீந்துவார் இல்லையாம். "எடுத்துக்கினு போப்பா" என்று தீபாவளிக்கு முந்தி கொடுத்துவிட்டார். நீள இழையெல்லாம் பாவாக ஓடி, சுற்றி, பரணில் இருக்கிறது. ஒரு சேலைக்குச் சரியாக வரும். இனி தெருவில் நீட்டி, இழை விறைக்கக் கஞ்சி போட வேண்டும், தறியில் ஏற்ற வேண்டும், நெய்ய வேண்டும். அவ்வளவுதான்.

கேட்டேன்.

"பாக்கலாம்" என்றார்.

நவம்பர் 12, வியாழன்

வெயில்! அருமையான வெயில். தெருவில் மூன்று வீட்டுப் பாவு நீட்டிக் காய்ந்தது. கேட்டேன்.

"ஈரக்காத்து அடிக்குது. பாக்கலாம்."

நவம்பர் 13, வெள்ளி

ஈரக்காற்று இல்லை. கேட்டேன். ராகவலு ஊரில் இல்லையாம், பாவு பிடிக்க ஆள் வேண்டுமாம். ராகவலு பக்கத்து வீடு. நான் பார்த்தபோது வாசலில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"பாக்கலாம்" என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் என் பன்னால் அடிப்பேன்.

நவம்பர் 15, ஞாயிறு

இன்று எரிச்சல் தராதவை:
பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்த மல்லி. உதிராத மொட்டு.
வெந்நீர்த் தவலையின் சூட்டில் முதுகைச் சாய்த்து நின்றது.
வ. எனக்கு முழு ஜடை பின்னி விட்டது. சும்மாவே. கேட்காமல்.
பேக்கரிக்காரர்!

வெட்கத்தை விட்டு நேரே போய்க் கேட்டுவிட்டேன். உங்கள் பன் எப்படி உப்புகிறது? சிரித்தார். மலையாளத்துக்காரர். சோடா உப்பு போட்டால் எப்படி அம்மா உப்பும், பழைய மாவு வேண்டும் என்று சொல்லி, நேற்று பிசைந்த மாவில் ஒரு எலுமிச்சை அளவு கிள்ளி வாழையிலையில் வைத்துக் கொடுத்தார். புளித்த வாடை. இதைப் பால், சர்க்கரை, மைதாவோடு தோசை மாவை விடத் தண்ணீராகக் கரைத்து ராத்திரி முழுக்க மூடி வைக்க வேண்டும். வாய் அகன்ற பாத்திரம் வேண்டும். காலையில் நுரைத்திருந்தால் மீதி மாவைப் போட்டுப் பிசைய வேண்டும். இத்தனை நாள் இந்தப் பத்திரிகைக்காரர்கள் இதைச் சொன்னார்களா? இல்லை. "சோடா உப்பு ஒரு சிட்டிகை." பாவிகள்.

நவம்பர் 16, திங்கள்

முதல் சோமவாரம். கோயிலில் நெரிசல். வெளியில் விட்டுச்சென்ற செருப்பில் ஒன்று வேறு யாருடையதோ.

காலையில் அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். அம்மா முப்பதாம் தேதி வருகிறாள். கஞ்சி போடாமல் தறியில் ஏறாது, தறியில் ஏறாமல் சேலை ஆகாது. முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், பாக்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் தலையைச் சொறிந்தார். மூக்கு வேறு அடைத்துக்கொண்டிருக்கிறது, நாலு நாளாகச் சளி. ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். இதுதான் பதிலா?

எனக்கு அழுகையும் வந்தது, பசியும் வந்தது.

மாலை பன்னுக்குக் கரைத்தேன். பாத்திரம்தான் தகராறு. சோற்றுப் பானை வாய் குறுகல், அலுமினியச் சட்டியில் ஓட்டை. வீட்டில் வாய் அகன்றது ஒன்றே ஒன்று, பாவுக்குக் கஞ்சி வைக்கும் குண்டான். அது தொடக்கூடாத குண்டான். அதில் சோறு வடிக்கக்கூடாது, பால் காய்ச்சக்கூடாது. இந்த வீட்டில் பாவுக்குக் கஞ்சி போட்டு ஒரு யுகம் ஆகிறது, குண்டான் எலிக்குத்தான் உபயோகம். எடுத்து நன்றாகத் தேய்த்துக் கரைத்து வைத்துவிட்டேன். இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டேன். மூடி, அடுப்புப் பக்கம், கதகதப்பில்.

படுக்கப் போகுமுன் மூடியைத் திறந்து பார்த்தேன். குமிழி! சின்னச் சின்னக் குமிழி, உயிர் இருக்கிற மாதிரி. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட ஆசை. எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.

நவம்பர் 17, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

விடியுமுன் யாரோ தோளைத் தட்டினார்கள். அவர்தான். தலையில் துண்டு, கையெல்லாம் வெள்ளை.

"சரசு, கஞ்சி பத்தல. இன்னும் கொஞ்சம் இருக்குதா?"

"இன்னா கஞ்சி?"

"பாவுக்கு. ஒன் சேலைக்கு. வானம் வெளுத்துக்கினு வந்துது, அதான் எழுப்பாம போயிட்டேன். அம்மா ராத்திரியே காய்ச்சி வெச்சிட்டாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். முகத்தில் ஒரு பெருமை. கல்யாணமாகி இத்தனை நாளில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. "கெட்டியா இருந்துது, தண்ணி ஊத்திதான் போட்டேன். அப்படியும் தீந்துபோச்சி."

காலடியில் குண்டான். காலி.

அடுப்பங்கரைக்கு ஓடினேன். சோற்றுப் பானையில் அரிசிக் கஞ்சி, ஆடை படிந்து, அப்படியே இருந்தது. குண்டானில் நான் மாவு கரைத்ததைப் பார்த்து, நான் தூங்கியபின் மாமியார் மனசுக்குள் திட்டிக்கொண்டே பானையில் காய்ச்சி வைத்திருக்கிறார். நேற்றுக் காலை என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போனவர், மாமியாரிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார், நாளைக்கு சரசு எழுந்திருக்கறதுக்குள்ள போட்டுடணும் என்று. எது எதில் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. கஞ்சி என்றால் குண்டான். இந்த வீட்டில் பிறந்த நாளிலிருந்து அவருக்கு அதுதான் தெரியும்.

தெருவுக்கு ஓடினேன். அந்த அரை வெளிச்சத்தில் தெரு நீளத்துக்கு என் சந்தனமும் அரக்கும். இழை இழையாக, கட்டுக் கட்டாக ஒட்டிக்கொண்டு. பால், சர்க்கரை, மைதா, ஏலக்காய். ராகவலு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விரலை நக்கினார்.

"நான் அப்பவே நெனச்சேன்மா, இன்னாடா ஏலக்கா வாசன வருதேன்னு. புது மாதிரி கஞ்சி போலக்குதுன்னு உட்டுட்டேன்."

"ஏன் கேக்கல?"

"ஒங்க வூட்ல எல்லாம் ஒரு தினுசாதானே செய்றீங்க."

ராகவலு சொன்னதைக் கேட்டு அவர் தன் கையை மோந்து பார்த்தார். சளி பிடித்த மூக்கு. பிறகு நக்கினார். அந்த முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன்.

வெந்நீர் தெளித்துப் பார்த்தார்கள். மாவு கூழாகி இன்னும் இறுகியது. இழை பிரித்தால் அறுந்தது. ஏழு மணிக்குத் தூறல் வேறு. தெருவில் ஆளுக்கு ஒரு யோசனை. சீயக்காய் போடு, புளித்தண்ணி போடு, எலுமிச்சை போடு. யாரோ, "மசால் போட்டு சுட்டுடுப்பா" என்றான். சிரிப்பு. நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரே பாத்திரத்தில் என் சேலையும் போயிற்று, முதன்முதலாக உப்பிய என் மாவும் போயிற்று.

நவம்பர் 18, புதன்

எறும்பு. கூடத்தில் கிடக்கும் பாவு முழுக்க எறும்பு. ஊர் எறும்புக்கெல்லாம் நம் வீட்டில் கல்யாணச் சாப்பாடு.

அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. மாமியார் இருவருக்கும் பொதுவாகச் சுவரோடு பேசுகிறார்.

"குண்டான தொடாதேன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன். கேட்டாதானே. அவனாவது வெளக்க ஏத்தி பாத்திருக்கலாம். ரெண்டும் ரெண்டுதான்."

என் பேரில் தப்பா, அவர் பேரில் தப்பா என்று நாள் முழுக்க மனசுக்குள் வழக்கு. எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் வயிறு எரிகிறது. கேட்டுக் கேட்டுச் செய்யாத மனிதர், ஒரே ஒரு நாள் கேட்காமல் செய்தார், அதுவும் இப்படி ஆயிற்று. இனி ஜென்மத்துக்கும் முன்கூட்டி எழுந்திருக்க மாட்டார்.

வ. மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணி, உங்கம்மா வர்றப்ப என் நைலக்ஸ கட்டிக்கறீங்களா?" என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். எழுந்து போய்விட்டேன்.

நவம்பர் 19, வியாழன்

அவர் பாவை அறுத்துக்கொண்டிருந்தார். கெட்டுப்போன பாகம் முழுவதும் தனியே. மாவு தீர்ந்துபோன கடைசிப் பக்கம் மட்டும் சுத்தம், ஓரத்தில் கொஞ்சம் படிந்ததோடு. அதைச் சுற்றி எடுத்து வைத்தார். எதற்கு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

பிறகு மாமியாரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மாமியார் குரல் மட்டும் கேட்டது.

"உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

நவம்பர் 21, சனி

மாமியார் தறியில் உட்கார்ந்து இழை புணைக்கிறார். பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் நுனியை, ஒவ்வொரு இழையாக, சாம்பல் தொட்டு முறுக்கி. இரண்டாம் நாளாக. மூன்று சேலைக்குப் பாவு ஏற்றினாலும் இதே வேலை, ஒரு முழத்துக்கு ஏற்றினாலும் இதே வேலை, அதனால்தான் யாரும் ஒரு முழத்துக்கு ஏற்றுவதில்லை. முதுகு வலிக்கிறது என்று முனகல். "யாருக்கு வந்த விருந்தோ" என்று முனகல். காப்பி கொண்டுபோய் வைத்தேன். வாங்கிக் குடித்தார்.

"அடியே, இது தேறாது. ஒரு ரவிக்கத் துண்டு வரும். அதுக்கு இந்த கூத்து. அவன்கிட்ட நீயாவது சொல்லேன்."

நான் சொல்லவில்லை.

ராகவலு எட்டிப் பார்த்து, தெலுங்கில் மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும்.

நவம்பர் 24, செவ்வாய்

தறிச் சத்தம். மழை விட்டுக் குழியும் காய்ந்துவிட்டது. தட், தட். காய் நறுக்கும்போது அந்தக் கணக்கிலேயே நறுக்குகிறேன். கோபம் பாதிதான் இருக்கிறது. பாதியையாவது காப்பாற்ற வேண்டும் என்று பேசாமல் இருக்கிறேன்.

முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து, புதுப் பாவு எப்போது ஏற்றுவாய் என்று கேட்டான். "பாக்கலாம்" என்றார் அவர். முதல் தடவையாக அந்தச் சொல் காதுக்கு இனிமையாக இருந்தது.

நவம்பர் 27, வெள்ளி

மதியம் துண்டை அறுத்தார். நாளை அமாவாசை, தறியைத் தொடக்கூடாது என்று இன்றே முடித்தாராம். என் மடியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

சந்தனத்தில் அரக்குக் கட்டம். ரவிக்கைத் துண்டுக்கு யாரும் கரையைத் தனியே கோத்து நெய்ய மாட்டார்கள். நெய்திருக்கிறார். அரக்குக் கரை, மெலிதாக ஒரு ஜரிகை இழை. ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் விறைப்பு. மோந்து பார்த்தேன். ஏலக்காய்.

"நல்லா இருக்குது" என்றேன்.

"ம்" என்றார்.

பேச்சு ஆரம்பமாகிவிட்டது. அடுத்த நிமிஷமே கை துடைத்த துண்டை ஈரக் கொடியில் போட்டதற்குச் சண்டை.

உடனே மாணிக்கத்திடம் ஓடினேன். துணியைத் தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார். கை நீளமாக வைத்தால் உடம்புக்குப் பத்தாது, பஃப் வேண்டாம் என்று மறுபடி ஆரம்பித்தார். முதுகில் வேறு துணி ஒட்டுப் போடுங்கள், முந்தானை மூடிவிடும், கை மட்டும் போட்டோவில் இருப்பது போல வேண்டும் என்றேன். பெருமூச்சு விட்டு அளவு எடுத்தார்.

நவம்பர் 29, ஞாயிறு

ரவிக்கை வந்தது. வலது கை புஸ்ஸென்று, இடது கை இன்னும் கொஞ்சம் புஸ்ஸென்று. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். வெகுநேரம். எந்தச் சேலைக்கும் பொருந்தவில்லை. கடைசியில் வெள்ளை வாயில் ஒன்று சரியாக இருந்தது.

வ. வாசலில் நின்று பார்த்தாள். கிண்டலுக்குக் காத்திருந்தேன்.

"அண்ணி, இத்த எனுக்கு ஒரு நாள் குடுக்கறீங்களா?"

"நைலக்ஸ் மேலயா போடுவ?"

"ஆமா, இன்னா இப்போ."

தலையில் அடித்துக்கொண்டேன். தருவதாகச் சொன்னேன்.

பேக்கரிக்காரரிடம் மறுபடி ஒரு உருண்டை வாங்கி வந்து கரைத்தேன். குண்டானில்தான். மாமியாரே எடுத்துக் கொடுத்தார். கஞ்சிக்கு வேறு பாத்திரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார், சுவரிடம். படுக்கும்முன் வீட்டில் ஒவ்வொருவரையும் எழுப்பி, குண்டானில் இருப்பது பன் மாவு என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தேன். ராகவலுவிடம் கூட.

நவம்பர் 30, திங்கள்

மூன்றாம் சோமவாரம். இளவெயில். அண்ணன் அம்மாவை விட்டுவிட்டுப் போனான்.

கோயிலுக்குப் போய் வந்து, அம்மாவைக் கூடத்தில் வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். எதிரில் போய் நின்றேன்.

"அம்மா, பாரு. இன்னா போட்டுக்கினு இருக்கேன் சொல்லு."

முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். கையைத் தடவினாள், கட்டத்தைத் தடவினாள்.

"பட்டு. சந்தனம் மாதிரி தெரியுது."

"உன் கல்யாண சேலை மாதிரிமா! அரக்கு கட்டம். சேலையாதான் போட்டோம், கெட்டுப்போச்சி. இவ்ளோதான் தேறுச்சி. உன் சேலைய அண்ணி தட்டுக்கு போட்டுட்டாங்களே, அதான்..."

"எந்த சேலை? அந்த கட்டமா?" அம்மா சிரித்தாள். "அவ எங்கடி போட்டா. நான்தான் கூடக்காரன கூப்ட்டு குடுத்தேன். அவ வேணாம் வேணாம்னா."

"ஏம்மா? அப்பா நெய்ததாச்சே."

"உங்கப்பாவா? நல்லா நெய்ஞ்சாரு." அம்மா வெற்றிலையை மடித்து, விரதம் முடியட்டும் என்று ஓரமாக வைத்தாள். "மொதலாளி கடையில விக்காம கெடந்த சேல அது. கூலியில புடிச்சிக்கினு தள்ளி உட்டாங்க. முரட்டு பட்டு, கழுத்தெல்லாம் அறுக்கும். அதுல எனுக்கு ஒரு நாளும் ஆச கெடையாது. தட்டாவது ஒதவுது."

ஒரு சேலைக்காக இந்த மாசம் பூராவும் பட்ட பாட்டை நினைத்தேன். இரண்டு வருஷமாக அண்ணிக்கு ம் மட்டும் கொட்டியதை நினைத்தேன். சிரிக்கவா, சுவரில் முட்டிக்கொள்ளவா? உள்ளே போய்விடலாம் என்று திரும்பினேன். அம்மா கையை விடவில்லை. கரையைப் பிடித்திருந்தாள். விரல் கரையும் கட்டமும் சேரும் இடத்தில் மெதுவாகப் போய் வந்தது. நாற்பது வருஷம் அப்பாவுக்கு இழை புணைத்த விரல்.

"கோத்து நெய்ஞ்சிருக்குது. இது இன்னா நீளம் வந்துது?"

"இந்த ரவிக்கைக்கே பத்தல. முதுகுல ஒட்டு."

"இதுக்கா பாவு புணைச்சாங்க?"

"ஆமா. அத்தை புணைச்சாங்க. அவரு நெய்தாரு."

"உங்கப்பா சாவற வரிக்கும் நெய்ஞ்சாரு. ஊருக்கெல்லாம் நெய்ஞ்சாரு. எனுக்குன்னு ஒரு முழம் தறியில ஏத்துனதில்ல. நானும் கேட்டதில்ல." கட்டத்தை மறுபடி தடவினாள். "நீ கேட்டியா?"

"கேட்டுக்கினே இருந்தேன்."

"நல்ல வேல செஞ்ச."

புரை விழுந்த கண்ணில் தண்ணீர் வந்தால் துடைப்பதற்குள் கன்னம் வரை வந்துவிடுகிறது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன். அப்போதுதான் அவர் உள்ளே வந்தார். அம்மா எழுந்து நின்றாள். மாப்பிள்ளைக்கு எப்போதும் எழுந்து நிற்பவள்தான், ஆனால் இன்று அவர் பக்கமாகத் திரும்பிக் கைகூப்பினாள். அவர் மிரண்டுபோய், "இன்னா அத்தே, இன்னா ஆச்சி?" என்று என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் இல்லை என்றேன்.

பன்: உப்பியது. மேலே பொன்னிறம், அடியில் மட்டும் கொஞ்சம் கருகல். விரதம் முடித்து அம்மா இரண்டு சாப்பிட்டாள், காப்பியில் தோய்த்து. மாமியார் ஒன்று சாப்பிட்டுவிட்டு, மாங்காய் அடிக்க முடியாது போலிருக்கிறதே என்றார். ராகவலு வீட்டுக்கு ஒன்று.

விளக்கு வைத்தபிறகு அவரிடம் கேட்டேன், அடுத்த மழைக்கு முன்னால் முழுச் சேலையாக ஒன்று போடலாமா என்று.

"யாருக்கு?" என்றார்.

"எங்கம்மாவுக்கு."

அவர் தலையைச் சொறியவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. பன்னை வாயில் வைத்தபடியே, முரட்டுப் பட்டு வேண்டாம், வயசானவங்களுக்கு மெல்லிசாகப் பாவு ஓட்டணும் என்றார். எப்போது ஓட்டுவீர்கள் என்றேன்.

"பாக்கலாம்."